நான் கழுவிய ஸ்பாஞ்ச்

எனக்கு எட்டு வயதில் அப்பா ஒரு மீன்தொட்டியும் மூன்று தங்கமீன்களும் வாங்கி வந்தார். கூடவே மீன்கடை முதலாளியான தவுக்கே சும்மா கொடுத்தார் என்று ஒரு பழைய ஸ்பாஞ்ச். கன்னங்கரேலென்று, சாக்கடையில் கிடந்து எடுத்த மாதிரி இருந்தது. அதைத் தொட்டியின் பில்டருக்குள் சொருகிவிட்டு, பாசிர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். எதற்கு அது என்று எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் தீபாவளிக்கு வந்தால் மீனைக் காட்டுகிறேன் என்று பஸ்ஸில் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்தார்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. ஜன்னல் கம்பி வரைக்கும் கழுவிக்கொண்டிருந்த அம்மா, “சும்மா நிக்காத லா, அழுக்கா எது கண்ணுல பட்டாலும் கழுவு” என்றார். என் கண்ணில் பட்டது அந்த ஸ்பாஞ்ச். பாத்திரம் கழுவுகிற சோப்பு போட்டு இரண்டு தடவை தேய்த்து, நுரை போகும்வரை அலசினேன். அடடா, உள்ளே பளிச்சென்று மஞ்சள்! திரும்பச் சொருகிவிட்டு, அப்பா எப்போது பார்த்துப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். மனுஷன் மீனைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு மீன் மல்லாந்தது. ஐந்தாம் நாள் இன்னொன்று. மிச்சமிருந்தது தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. பதறிப்போய் அப்பா தவுக்கேயைப் போனில் பிடித்தார். “ஸ்பாஞ்ச் மானா?” ஸ்பாஞ்ச் எங்கே என்பதுதான் அவர் முதலில் கேட்டது. புதுத்தொட்டியில் மீனின் கழிவே மீனுக்கு விஷமாம். அதைத் தின்று தீர்க்கிற கிருமிகள் அந்தக் கறுப்பு அழுக்கில்தான் குடியிருக்குமாம். அப்பா பில்டரைத் திறந்தார். எலுமிச்சை வாசனை வந்தது.

“அலமாக்! யாரு இதக் கழுவினது?”

இந்தக் கேள்விக்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்! வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு, “நான்தான்” என்றார்.

அப்பா கத்து கத்தென்று கத்தினார். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பித் தருகிற அம்மா, அன்று பேசாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கோ வயிறு எரிந்தது. கை வலிக்கத் தேய்த்தது நான், பேர் வாங்குவது இவரா? தேம்பித் தேம்பி அழுதேன்.

“ஐயோ, புள்ள மீனுக்காக அழுவுது பாரு” என்று அப்பா உருகிப்போனார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு ஓடிப்போய் இன்னொரு கறுப்பு ஸ்பாஞ்சோடு வந்தார். அந்த மீன் பிழைத்தது.

தீபாவளியன்று வந்தவர்களுக்கெல்லாம் மீனைக் காட்டினார். கையோடு அம்மாவையும் காட்டி, “இந்தம்மாதான் ஸ்பாஞ்சுக்கு சோப்பு போட்டுக் குளிப்பாட்டினவங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். நான் மட்டும் முறுக்குத் தட்டோடு மூலையில் உட்கார்ந்து, என் வேலையைத் திருடிய இந்த அம்மாவை இனி ஜென்மத்துக்கும் நம்பக்கூடாது என்று முடிவு செய்தேன்.