கான்கிரீட் போட்ட குடில்

ஆட்டுப்பட்டிகூட நிற்காது என்று ஊரே சொன்ன பாறைச் சரிவில் எனக்கென்று ஒரு வீடு கட்டினேன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் அலசுகிற தொட்டி கட்டினேன். எனக்கு முன்னால் வேறொருவர் கட்டிய தொட்டி ஒழுகியது, என்னுடையது இன்றுவரை ஒழுகவில்லை. மலைப்பாதை ஓரத்தில் தடுப்புச் சுவர்கள், எங்கள் மாதா கோயிலுக்கு மதில், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் உட்கார ஒரு கல்மேடை, மூன்றாம் வகுப்போடு நான் நின்றுபோன பள்ளிக்கூடத்துக்குப் படிக்கட்டு, எல்லாம் நான் கட்டியவை. எனக்குத் தொழில் சொல்லித்தர அப்பன் இல்லை, சாந்து பூசுகிற கொல்லூறு வாங்கித்தர மாமன் இல்லை. அடுத்தவர் வேலையை எட்ட நின்று பார்த்துப் பார்த்தே மேஸ்திரி ஆனவன் நான். இவற்றில் எதிலும் என் பெயர் கிடையாது. திறந்துவைத்தவர் பெயர் பலகைக் கல்லில் இருக்கும். அந்தக் கல்லை நேராகப் பதித்தவன் நான்.

அதெல்லாம் போகட்டும். நான் சொல்ல வந்தது இவை எல்லாவற்றையும்விடச் சின்னக் கட்டடம். இரண்டு முழ நீளம், ஒன்றரை முழ அகலம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் வைத்த குடில்.

என் மருமகள் தலைச்சோலை என்கிற மலைக்கிராமத்துக்காரி. சாமையும் காப்பியும் பலாவும் விளைவிக்கிற குடும்பம். எங்கள் மகன் அந்தப் பக்கம் ஜீப் ஓட்டிப் போய்க்கொண்டிருந்தவன், ஒருநாள் அவளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். நாங்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள், அவர்கள் சேர்வராயனைக் கும்பிடுகிறவர்கள். அவள் அப்பா சண்டை போடவில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, நிதானமாகத்தான் சொன்னார். "பொண்ணு எப்பவும் என் பொண்ணுதானுங்க. உங்க ஊட்டு வாசப்படிய மட்டும் நான் மிதிக்கறதா இல்லீங்க."

மனிதர் சொன்னால் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருகிறபோதெல்லாம் மொபெட்டை எங்கள் கேட்டுக்கு வெளியே நிறுத்தி ஹாரன் அடிப்பார். இவள் ஓடுவாள். சாமை, அவரைக்காய், ஆரஞ்சு என்று ஏதாவது ஒரு பையைக் கேட்டுக்கு மேலாக நீட்டுவார். இவள் காப்பி கொண்டுபோய் நீட்டினால், "இப்பத்தான் குடிச்சேன் கண்ணு" என்பார். எப்போதும் இப்போதுதான் குடித்திருப்பார். நான் வெளியே வந்தால், "வேலையெல்லாம் நடக்குதுங்களா மேஸ்திரியாரே" என்று கேட்பார். அந்த வாயிலிருந்து சம்பந்தி என்ற சொல் வந்ததே இல்லை.

மருமகள் வயிற்றில் பிள்ளை தங்கி ஏழாம் மாதம் நடக்கும்போது டிசம்பர் வந்தது. எங்கள் பழைய குடில் கடையில் வாங்கிய தெர்மாகோல் குடில். பரணில் எலி தின்றுவிட்டிருந்தது. புதிதாக வாங்கலாம் என்றான் மகன்.

"வேண்டாங்க. நானும் மாமாவும் செய்யறோம்" என்றாள் அவள்.

வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அவளுக்கு அப்பா நினைப்பு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சரி என்றேன். என் மனைவி மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். சிமெண்ட் வேலை என்றால் வீட்டுக்குள் கூடாது.

முற்றத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தோம். தீப்பெட்டியின் உள்பெட்டிதான் எங்கள் அச்சு. செம்மண்ணைக் காப்பி வடிகட்டியில் சலித்து, குழைத்து, அதில் அடைத்துத் தட்டினால் விரல் நீளத்துக்கு ஒரு செங்கல். வடிகட்டி போனதற்கு நான் வாங்கிய ஏச்சு தனிக் கதை. டிசம்பரில் எங்கள் மலையில் வெயில் எப்போது வரும், மூட்டம் எப்போது இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் காப்பிப் பழம் காயும், பக்கத்திலேயே எங்கள் செங்கலும் காயும். மூட்டம் வந்தால் என் மனைவி காப்பிக்குத் தார்ப்பாய் இழுப்பாள், மருமகள் செங்கலை முறத்தில் வாரி அடுப்பங்கரைக்குக் கொண்டுபோவாள். சுடாத செங்கல், தண்ணீர் பட்டால் சேறு.

ஆடு மாடுகளை அவள்தான் பிடித்தாள். களிமண் உடம்பு, தீக்குச்சிக் கால், மேலே இலவம்பஞ்சு. என் மனைவி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஆடா, பன்னியா?"

"சினை ஆடுங்க அத்தை. என்னையாட்டம்."

ஒரு கோழியும் நான்கு குஞ்சுகளும் வந்து சேர்ந்தன. "பெத்லகேம்ல கோழி இருந்துச்சா?" என்று கேட்டதற்கு, "மாட்டுக்கொட்டாயில கோழி இல்லாம இருக்குங்களா?" என்றாள். பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வேத அறிவு போதவில்லை. சில்வர் ஓக் மரத்தடியில் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி, வெள்ளிபோல் மின்னுகிற பின்பக்கம் வெளியே தெரிய, வாழைநாரில் கோத்து வீட்டு வாசல்நிலைக்குத் தோரணம் கட்டினாள். கடையில் விற்கிற ஜிகினா அதன் பக்கத்தில் நிற்காது.

அப்படிக் கோத்துக்கொண்டிருந்தபோதுதான், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "எங்கப்பா ஒருக்கா உள்ள வந்து உக்காந்து காப்பி குடிச்சாப் போதுங்க மாமா. கொழந்த பொறக்கறதுக்குள்ள. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

எதையும் கட்டிவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவனுக்கு அதற்கு வழி தெரியவில்லை. செங்கல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கட்ட ஆரம்பித்தபோது, பலகைமேல் முதலில் ஒரு அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டேன். அஸ்திவாரம் இல்லாமல் நான் எதையும் கட்டுவதில்லை. மாட்டுக்கொட்டகை என்றாலும் கர்த்தர் பிறக்கிற இடம் அல்லவா? மனைவி வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, பாலன் பொறக்கறதுக்குக் குடிலு கேட்டா, டேம் கட்டறீங்களா? அட்டையில செஞ்சா ஆகாதா? இத யாரு தூக்கி உள்ள வெக்கிறது?"

"அதெல்லாம் தூக்கிக்கலாம் போ."

சுவர் எழும்பியது. கவாத்து வெட்டிய காப்பிக் குச்சிகளைத் தூணாக நிறுத்தினேன். கூரைக்குத் தகரம் வெட்டலாம் என்றேன். புல்தான் வேண்டும் என்றாள் மருமகள். அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னாள். அந்த ஞாயிறு ஒரு கட்டு கூரைப்புல் கேட்டுக்கு மேலாக வந்தது.

கூரையை நான்தான் வேய்ந்தேன். முகட்டில் ஆரம்பித்துக் கீழே வந்தேன். சுவர்ப் பூச்சு எப்போதும் மேலிருந்து கீழே வருகிற வேலை, என் கை அப்படித்தான் பழகியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஹாரன் கேட்டது. மருமகள் போனாள். அவர் பையை நீட்டியவர், நீட்டியபடியே நின்றார். பார்வை முற்றத்தில் இருந்த குடிலின்மேல்.

"யாரு கண்ணு வேஞ்சது?"

"மாமாதாம்பா."

அந்த மனிதர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். "மேஸ்திரியாரே, மேல இருந்தா வேயறது? கீழ இருந்தில்ல வரணும். ஒரு தூறல் போட்டா உங்க சாமி நொம்ப நனைஞ்சு போயிருங்க."

"ஊட்டுக்குள்ள வெக்கிற குடிலுங்க இது. உள்ள எங்க மழ பெய்யுது?"

"அதுக்காவ? கூரைன்னாக் கூரைதானுங்க."

"தகரம் போடறேன்னேன். உங்க பொண்ணுதான் கேக்கல."

"நல்லவேள கேக்கல. தகரத்துக்கடியில படுத்தா பச்சப்புள்ள வெறச்சுப் போயிரும்."

பேசிக்கொண்டே கேட்டைத் திறந்தார். மகள் ஒதுங்கி வழிவிட்டாள். முற்றத்துக்கு வந்து, குந்தி உட்கார்ந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கூரையை முழுசாகப் பிரித்துப் போட்டார். எனக்குக் கோபம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் கட்டியதை என் கண்முன்னால் பிரித்தவர் அவர் ஒருவர்தான். மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு நார் கிழித்துக் கொடுத்தேன்.

கீழ் விளிம்பில் ஒரு வரிசை, அதன் தலையை மூடுகிற மாதிரி அடுத்த வரிசை. புல் அவர் விரலுக்கு அடங்கி உட்கார்ந்தது. பாதிக்கூரை ஆகியிருக்கும். மூட்டம் சட்டென்று கறுத்தது. தூறல் என்று சொல்ல நேரமில்லை, காற்றோடு மழையே வந்துவிட்டது. என் மனைவி தார்ப்பாயை இழுத்துக்கொண்டு காப்பியிடம் ஓடினாள். குடிலுக்கு மேல் ஒன்றுமில்லை. சுடாத செங்கல் எல்லாம் என் கண்முன்னால் முகம் வியர்ப்பதுபோல ஈரம் பட ஆரம்பித்தது.

பலகையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன். அசைந்ததே தவிர எழும்பவில்லை. மகன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தான். மருமகள் மறுமுனைக்குக் குனிந்தாள்.

"நீ தொடாத சாமி, தள்ளு" என்று அதட்டியது அவள் அப்பா. அவரே மறுமுனையைப் பிடித்தார். "என்னங்க இது, உள்ள பாறாங்கல்லா வெச்சிருக்கீங்க?"

"கான்கிரீட்டுங்க. தூக்குங்க."

தூக்கினோம். வாசல் பக்கம் இருந்தது அவருடைய முனை. அவர் பின்பக்கமாக நடந்தார், நான் முன்பக்கமாக.

"பின்னால படி இருக்குதுங்க. கால மேல வையுங்க. இன்னொரு படி. தலைய லேசாக் குனியுங்க."

சொன்னபடியே செய்தார். குனிந்தும் சில்வர் ஓக் தோரணம் அவர் பிடரியில் உரசியது. அதைத் தட்டிவிட அவருக்குக் கை இல்லை. ஹாலின் மூலையில் கொண்டுபோய் இறக்கினோம். ஒரு செங்கல்கூடக் கரையவில்லை.

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். சுவரைப் பார்த்தார். மாதா படத்தைப் பார்த்தார். தான் வாசப்படி தாண்டி உள்ளே நிற்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வெளியே மழை. அவர் வாசலைப் பார்த்தார், பிறகு பாதியில் நின்ற கூரையைப் பார்த்தார்.

"பாதிக் கூரையோட உட்டுட்டுப் போறது நல்லதில்லீங்க" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முற்றத்தில் கிடந்த புல்லை வாரி வந்து, நனையாததாகப் பொறுக்கிக் கொடுத்தேன்.

மருமகள் காப்பி கொண்டுவந்தாள். பக்கத்தில் நீட்டினாள். அவர் கண் கூரைமேல், வாயில் ஒரு நார். நாரை எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி வாங்கிக் குடித்தார். தன் வீட்டில் குடிப்பதுபோலத்தான் குடித்தார்.

"சக்கர பத்தல."

"உங்களுக்குச் சக்கர ஆகாதுப்பா. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"பொறந்த ஊட்டுலயும் இதே பேச்சு, புகுந்த ஊட்டுலயும் இதே பேச்சு."

அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என் மனைவி பின்னாலேயே போனாள். நாங்கள் இரண்டு கிழவர்களும் அந்தப் பக்கம் பார்க்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் வரலீங்க சம்மந்தி. இந்தக் கொட்டாயில்ல என்னைய இழுத்துட்டு வந்துருச்சு" என்றார் மெதுவாக.

அதற்குள் மகன் நனைந்துகொண்டு வந்தான். ஹாலில் மாமனாரைக் கண்டதும் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வா மாப்பள. உன் ஊடுதான" என்றார் சம்பந்தி.

பேத்தி பிறந்து ஞானஸ்நான விருந்தும் முடிந்துவிட்டது. அன்று பந்தியில் இந்தக் கதையை எல்லோரும் சொன்னார்கள். என் மனைவி அது தன் ஜெபமாலையின் பலன் என்கிறாள். மகன், கோபமெல்லாம் காலப்போக்கில் தானே தீர்ந்துவிடும் என்று பெரிய மனிதன் மாதிரி பேசுகிறான். சம்பந்தி, மேஸ்திரிக்குக் கூரை வேயத் தெரியாததால் தான் இறங்கி வரவேண்டியதாயிற்று என்று சொல்லி, பந்தியில் இருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார். மருமகள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எல்லாக் கதைக்கும் தலையாட்டுகிறாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, யார் சொன்னாலும் சரி.

எனக்குச் சரியில்லை. கூரை அவரைக் கேட்டிலிருந்து முற்றம்வரைதான் கூட்டிவந்தது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். முற்றத்திலிருந்து வீட்டுக்குள் கூட்டிவந்தது எது? அட்டைக் குடிலாக இருந்திருந்தால் என் மனைவி ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருப்பாள், அவர் நனைந்துகொண்டே மொபெட்டை உதைத்துக் கிளம்பியிருப்பார். இரண்டு ஆள் தூக்குகிற கனம் அதற்கு எங்கிருந்து வந்தது? திட்டமிட்டுச் செய்தேனா என்று கேட்காதீர்கள். போட்டது யார் என்று கேளுங்கள். மதிலிலும் தொட்டியிலும் படிக்கட்டிலும் என் பெயரை விட்டதற்கு நான் வாய் திறந்ததில்லை. இந்தக் கதையில் விடச் சம்மதிக்க மாட்டேன். இனி எங்கள் வீட்டில் யார் இதைச் சொன்னாலும், அந்த ஒரு அங்குலக் கான்கிரீட்டையும் அதைப் போட்டவனையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.