நம்பர் இல்லாத டெலிபோன்

அறுபதுகளின் நடுப்பகுதி. போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். எங்களுக்கென்று முதன்முதலாக ஒரு டெலிபோன் கப்பலில் வந்து இறங்கியது. லைன்மேன் கம்பி இழுத்து மாட்டிவிட்டுப் போனார். எல்லோரும் சுற்றி நிற்க, நான் கைப்பிடியைச் சுற்றி ரிசீவரைக் காதில் வைத்தேன். மறுபக்கம் மூச்சுப் பேச்சில்லை.

எங்கள் ஸ்டோர்கீப்பரின் முகம் அப்படியே வாடிவிட்டது. அவர் திருநெல்வேலிக்காரர். ஊரில் பிறந்த மகளை அவர் இன்னும் பார்க்கவில்லை. குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டதாகக் கடிதம் வந்திருந்தது. லீவு கிடைத்துவிட்டது, கப்பலில் இடம்தான் இல்லை. யாராவது டிக்கெட்டை ரத்து செய்தால் ஆபீஸுக்குப் போன் செய்வதாகவும், உடனே பதில் இல்லையென்றால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகவும் ஷிப்பிங் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று கடலுக்கே தெரியாது. அங்கேயே போய்க் காத்துக் கிடக்கலாம் என்றால், ஸ்டோரை எண்ணி ஒப்படைக்காமல் அவர் நகர முடியாது. அந்த விதியை அவருக்கு எடுத்துக் காட்டிய புண்ணியவான் நான்தான்.

முறைப்படி பழுது பார்க்க இறங்கினேன். கருவியைப் பக்கத்து அலுவலகத்துக் கம்பியில் மாட்டிப் பார்த்தேன், கணீரென்று பேசியது. பாட்டரியை மாற்றினேன். லைன்மேனோடு கம்பம் கம்பமாக நடந்தேன். ஒரு கம்பத்தில் யாரோ கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்ததைத் தவிர வேறு குறை இல்லை. கடைசியில் எக்ஸ்சேஞ்சுக்கே போனேன். அங்கே ஆபரேட்டர் ஒரு வங்காளி அம்மாள். ஊரே அவரை தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடும்.

"போன் அச்சா ஹை, பாபு, நல்லாத்தான் இருக்கு. என் போர்டுலதான் அதுக்கு நம்பர் இல்ல" என்றார்.

ஊர் லைன்களையெல்லாம் இணைக்கும் அந்த ஸ்விட்ச்போர்டு நிரம்பிவிட்டதாம். மூடிப்போன ஓர் அலுவலகத்தின் நம்பர் மட்டும் சும்மா கிடக்கிறது. ஆனால் அந்த அலுவலகமே எழுதிக் கொடுத்தால்தான் அதை வேறொருவருக்குத் தர முடியும். செத்தவரே நேரில் வந்து தன் சாவைப் பதிவு செய்ய வேண்டும் என்பது போல. இருந்தும் என்னால் வாதாட முடியவில்லை. விதி அப்படித்தான் இருந்தது. ஸ்டோர்கீப்பரின் கதையைச் சொல்லிப் பார்த்தேன்.

"குழந்தைக்குப் பல் முளைச்சாச்சா?"

"தெரியலையே, தீதி."

"அரே, அதுகூடக் கேட்டு வைக்கலையா? சரி, போங்க. நம்பர் கிடையாது."

கப்பல் புறப்படுவதற்கு முந்தைய நாள் மத்தியானம், மேட்டுக்குக் கீழே அரிசிக் கடை வைத்திருந்த பாய் மூச்சிரைக்க ஏறி வந்தார். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"எங்க அந்த ஸ்டோர்காரர்? கப்பல்ல எடம் இருக்காம்! தீதி என் கடைக்குப் போன் போட்டு, 'நீ இன்னும் அங்கயே நிக்கிறியா'ன்னு என்னை விரட்டுறாங்க!"

ஸ்டோர்கீப்பர் கையில் வாளியோடு விழித்தார். "சார், வாளியை இன்னும் எண்ணி முடிக்கலையே!"

"வாளி எங்கேயும் போகாது. நீர் போம் ஐயா!" என்று, எண்ணாத சாமான்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். பாயின் அரிசி லாரி அவரை ஏற்றிக்கொண்டு பறந்தது.

பிறகு ஷிப்பிங் ஆபீஸ் குமாஸ்தா என்னிடம் புலம்பினார். எங்கள் ஆள் கிடைக்கவில்லை என்று, பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட அவர் ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் தீதி தேன் குரலில் "லைன் பிஸி, பாபு" என்றாராம். "உங்க ஆளு என் மேஜை முன்னால வந்து நிக்கிற வரைக்கும் பிஸி, சார்!"

ஸ்டோரை எண்ணியபோது ஒரு வாளி அதிகமாக இருந்தது. அரசாங்கத்தில் குறைந்ததற்கு விளக்கம் எழுதிவிடலாம். கூடியதற்கு எழுதுவதுதான் பெரும்பாடு. சந்தோஷமாகவே எழுதினேன்.

தீதிக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் போர்டிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "எந்தக் கப்பல்? எனக்கு வேலை இருக்கு, பாபு."

புதிய போர்டு வந்து எங்களுக்கு முறைப்படி நம்பர் கிடைக்க இன்னும் நெடுநாள் ஆயிற்று. ஆனால் அன்றைக்குப் பிறகு, விதியைக் காட்டி யார் 'முடியாது' என்றாலும் நான் கோபித்துக்கொள்வதில்லை. முடியாது என்று சொன்ன வாயாலேயே ஒருவர் ஓசைப்படாமல் முடித்துக் கொடுத்ததைப் பார்த்தவன் நான்.