மூலை இல்லாத வீட்டில் என் அக்கா

எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனாலும் வானத்தை முட்டுகிற அந்த வளைந்த அடுக்குமாடியைக் கட்டியவன் நான். படம் போட்டவர் ஆர்க்கிடெக்ட். அதை நிற்க வைத்தது நான். கூழாங்கல்லை அடுக்கியது போல மாடிகள், பால்கனிதோறும் மரம். எந்த வீட்டிலும் மூலை கிடையாது. அறைகளுக்கு நடுவே நிலைக்கதவும் கிடையாது, சுவரே வளைந்து உள்ளே போகும். "இயற்கையில மூலை எங்க சார் இருக்கு?" என்பார் ஆர்க்கிடெக்ட். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். கொத்தனார் எவனாவது ஒரு விளிம்பு விட்டால் தொலைந்தான். பூச்சுக் கரணையைப் பிடுங்கி நானே வளைவாக வழித்துக் காட்டுவேன்.

பாருங்கள், அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், கட்டடம் முந்திக்கொண்டது.

அக்கா சித்தாளாகச் செங்கல் சுமந்து என்னை வளர்த்தவள். பெற்றவர்கள் போன வீட்டில் அவள்தான் எனக்கு எல்லாம். சும்மாடு அழுத்திய உச்சந்தலையில் கடைசிவரை முடி முளைக்கவில்லை. "நீ வளர்ந்த, என் முடி வளரல" என்று சிரிப்பாள். மாமா காலமானதும், பிள்ளையில்லாத அவளை என் கட்டடத்திலேயே ஒன்பதாவது மாடியில் குடி வைத்தேன். லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம், "இது என் தம்பி கட்டினது" என்பாளாம்.

அதற்குள் அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. நரம்பு போய்விட்டது, இனி வராது என்றார் டாக்டர். துணைக்கு ஆள் வைக்கிறேன் என்றேன். "என் வீட்டுல நான் நடக்க எனக்கு ஆளா?" என்று மறுத்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் சொல்லாமல் போனேன். கதவு திறந்தே கிடந்தது. அக்கா சுவரில் கை வைத்தபடி நடந்துகொண்டிருந்தாள். சமையலறையைத் தாண்டினாள், கட்டிலைத் தாண்டினாள், மறுபடி என் பக்கமே வந்தாள். புடவை நனைந்திருந்தது.

"யாரு?"

"நான்தான்கா."

"தம்பி, பாத்ரூம் எங்கடா?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். "மூலை வந்தா திரும்பலாம்னு பார்க்கறேன். உன் சுவரு முடியவே மாட்டேங்குது. செக்குமாடு மாதிரி சுத்தறேன்."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"உலகமே மெச்சற வீட்டை நானா குறை சொல்றது?" சுவரை ஒரு தரம் தட்டினாள். "ஒரே ஒரு மூலை கட்டிக் குடுடா. அதைப் பிடிச்சுகிட்டா இந்தப் பக்கம் பாத்ரூம், அந்தப் பக்கம் கட்டில்னு இங்கயே இருந்துடுவேன். இல்லேன்னா முதியோர் இல்லத்துல விட்டுடு."

ஆர்க்கிடெக்ட், "வடிவம் கெட்டுடும் சார்" என்றார். "கெடட்டும்" என்று போனை வைத்தேன். மறுநாள் நான் வேறு சைட்டில் மாட்டிக்கொண்டதால், இருப்பதிலேயே கைதேர்ந்த கொத்தனாரை அனுப்பினேன். பூச்சு காய்ந்ததும் அக்காவைக் கைப்பிடித்து அழைத்துப் போனேன். தடவினாள். கை வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது.

"தம்பி, இதுவும் வளையுதேடா."

நான் கொத்தனாரைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "விளிம்பு விட்டா கரணையப் பிடுங்குவீங்களே முதலாளி... கை தானா வழிச்சிடுச்சு."

கத்தினேன். அக்காதான் அடக்கினாள். "அவனை ஏண்டா திட்டற? நீ சொல்லிக் குடுத்தது எப்படிப் படிஞ்சிருக்கு பாரு!"

இடித்துக் கட்டுகிறேன் என்று கெஞ்சினேன். "இன்னொரு தடவை தடவிப் பழக எனக்குத் தெம்பில்லடா, இல்லத்துலயே விட்டுடு" என்றாள்.

முதியோர் இல்லத்தில் அவளுக்குக் கொடுத்தது தீப்பெட்டி மாதிரி ஒரு அறை. சிமென்ட் மூட்டை போடக்கூட நான் அப்படி ஒன்று கட்ட மாட்டேன். அக்கா சுவரோடு ஒரு சுற்று வந்தாள். "இங்க ஒண்ணு... இங்க ஒண்ணு..." என்று மூலைகளைத் தொட்டாள். பிறகு நேராகக் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தாள். அப்போது அவள் முகத்தில் வந்த நிம்மதியை என் வீட்டில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. அந்த மழைக்காலத்திலேயே, தூக்கத்தில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒன்பதாவது மாடிக்குப் போய், வழித்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு நானே ஒரு மூலை கட்டினேன். கொத்தனார் வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் கை மறக்கவில்லை. அந்த வீட்டை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. என் மூலை அங்கே நிற்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், ஒரு நூல் பிசகியிருக்காது. கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் கையில் தட்டும்.