வெள்ளை ஜேர்சி வீட்டில் நின்ற சனிக்கிழமை

1. பையைத் திறந்தோம்

சிப்பை இழுத்துப் பையைத் திறந்தேன். உள்ளே நீலம். பக்கத்துப் பையைத் திறந்தேன். அதிலும் நீலம். அடுத்ததைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. என்னோடு வேலை செய்யும் கெவின் திறந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"அம்மாளாச்சி!" என்று கத்தினேன். கெவினுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவனும் அதைத்தான் தன் பாஷையில் சொல்லிக்கொண்டு நின்றான்.

உபகரண அறை வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஃபுட்போல் காலால் உதைத்து விளையாடுவது அல்ல. தலையில் ஹெல்மெற், தோளில் பாட்ஸ் என்கிற கவசம், அதற்கு மேல் ஜேர்சி, இப்படிப் போட்டுக்கொண்டு ஆளை ஆள் முட்டி விழுத்துகிற விளையாட்டு. அந்த ஜேர்சியைத் தோய்ப்பது, பாட்ஸைத் திருத்துவது, பை அடுக்குவது, வான் வண்டியில் ஏற்றுவது எல்லாம் நானும் கெவினும். பெடியளுக்கு நான் செல்வி அன்ரி. வெள்ளைக்காரப் பெடியளும் அன்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். அது என் பெயரில் ஒரு துண்டு என்று நினைத்திருந்தார்கள் போல. நானும் திருத்தவில்லை, கேட்க நல்லாய்த்தான் இருந்தது. இனி அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் என்னுடைய தமிழில்தான் எழுதப் போகிறேன்.

விதி இதுதான். சொந்த மைதானத்தில் ஆடுகிற ரீம் தன் நிறத்தைப் போடும். வெளியிலிருந்து வருகிற ரீம் வெள்ளை போட வேண்டும். அன்று வெளியிலிருந்து வந்தவர்கள் நாங்கள். எங்கள் வெள்ளை ஜேர்சிகள் ரொறன்ரோவில் ஹாங்கரில் தொங்கிக்கொண்டிருந்தன. கையில் இருந்தது கடும் நீலம். எதிர் ரீமின் நிறமோ கறுப்பு. மைதானத்தில் இறங்கினால் யார் எவர் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. ஆட்டம் தொடங்க ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ரொறன்ரோ போய்வர அரை நாள் வேண்டும்.

2. பொம்பிளை பார்க்க வந்தவர்கள்

இது எப்படி நடந்தது என்று சொல்ல, அந்த வருசத்துக் கூத்தையும் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழக ரீம்கள் கொன்பரன்ஸ் கொன்பரன்ஸாகப் பிரிந்துதான் ஆடும். ஒரு கொன்பரன்ஸில் இருக்கிறவர்கள் வருசா வருசம் தங்களுக்குள் மோதுவார்கள். எங்கள் ஆட்கள் அந்த வருசம் வேறொரு கொன்பரன்ஸுக்குப் போக யோசித்தார்கள். அங்கே கூட்டம் கூட, ரீவி கூட. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் பிளேன் ஏற வேண்டும். எங்கள் விளையாட்டுத் துறை டிரெக்டருக்கு அதில் சரியான ஆசை. அந்த மனிசி நின்றால் நடந்தால் அதே கதைதான்.

புதுக் கொன்பரன்ஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் ஜிம்மைப் பார்த்தார்கள், லொக்கர் அறையைப் பார்த்தார்கள், வோஷிங் மெஷினைக்கூடத் திறந்து பார்த்தார்கள். எங்கள் ஊரில் பொம்பிளை பார்க்க வருகிறவர்கள்கூட அடுப்படிக்குள் இவ்வளவு தூரம் வர மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ரீம் முழுவதையும் நீல ஜேர்சியோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். படம் முடிந்து பெடியள் கழற்றிப் போட்டதை நாங்கள் மடித்துப் பையில் அடுக்கினோம். வழமையாக வெளியூர் ஆட்டத்துக்கு முதல் நாள் பெடியள் போட்டுப் பார்ப்பது வெள்ளை. உடம்பிலிருந்து கடைசியாகக் கழன்றது பைக்குள் போகும், பை வானுக்குள் போகும். கையின் பழக்கம் அது. எத்தனையோ வருசம் பிழைக்காத பழக்கம், படம் எடுத்த அன்றைக்குப் பிழைத்தது.

நாங்கள் போக நினைப்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை நாங்கள் போனது எங்களோடு காலகாலமாய் மோதுகிற ரீமின் ஊருக்கு. எங்களோடு ஆடுகிற அன்றுதான் அவர்களுடைய மைதானம் நிரம்பும். நாங்கள் போய்விட்டால் அந்த நாளும் போய்விடும். அவர்களுக்கு ஏன் கோபம் வராது?

அவர்களுடைய உபகரண அறையில் ரொப் என்று ஒருவர். முரட்டு மனிசன், வாய் சும்மா இராது. உபகரண அறைக்காரருக்குள் ஒரு வழக்கம் உண்டு. ரீம்கள் அடிபட்டாலும் நாங்கள் அடிபடுவதில்லை. வருகிறவர்களுக்குக் கோப்பி போட்டு வைத்து, துடைக்கத் துவாய் அடுக்கி, பை இறக்கக் கை கொடுக்க வேண்டும். அன்று ரொப் கதவை மட்டும் திறந்துவிட்டார்.

"புதுச் சம்பந்தம் பேசுறியளாம். நடக்கட்டும், நடக்கட்டும்," என்றார். கோப்பி இல்லை.

3. நிரோஷனின் கடைசி ஆட்டம்

எங்கள் கப்ரின் நிரோஷன், பெடியளுக்குத் தலைவன். ஸ்காபரோ டோர்செட் பார்க் பெடியன், இங்கேயே பிறந்தவன். முன்வரிசையில் நின்று முட்டுவதுதான் அவன் வேலை. ஆள் கதவளவு, மனம் குழந்தை. அவனுக்குக் கடைசி வருசம். அன்று தோற்றால் எங்கள் சீசன் முடிந்தது. அவனுடைய ஃபுட்போலும் முடிந்தது.

அதைவிடப் பெரிய விசயம், அவனுடைய தகப்பன் அன்று வருகிறார். மிசிசாகாவில் வேலை, சனிக்கிழமை லீவு கிடைப்பதே இல்லை, அன்று மட்டும் கிடைத்தது. மகனின் ஒரு ஆட்டத்தையும் அந்த மனிசன் கண்டதில்லை. பஸ்ஸுக்குள் நிரோஷன் என்னிடம் வந்து சொன்னான்:

"அன்ரி, அப்பா வாறார். ஃபர்ஸ்ட் ரைம். நாங்கள் வெள்ளை, ஐம்பத்துநாலாம் நம்பரைப் பாருங்கோ எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். ஹி டஸ்ன்ற் நோ எனிதிங்."

ரெஃபரி வந்து நீலத்தைப் பார்த்தார், கறுப்பைப் பார்த்தார். "ஆடேலாது," என்றார். வெள்ளை இல்லையென்றால் வந்த ரீம் தோற்றதாக எழுதுவேன் என்றார். கெவின், வெள்ளை ரீசேர்ட் வாங்கி மார்க்கரால் நம்பர் எழுதட்டோ என்று கேட்டான். ரெஃபரி சிரிக்கக்கூட இல்லை.

எங்கள் டிரெக்டர் சுவரில் சாய்ந்து நின்றார். பொம்பிளை பார்க்க வந்த இரண்டு பேரும் மேலே கண்ணாடி அறையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த டிரெக்டரின் கவலை ஒன்றும் இல்லை. நிரோஷன் வாங்குப் பலகையில் குனிந்து இருந்தான், பாட்ஸ் போட்டபடி. என் கவலை அவன்தான்.

வெட்கத்தை விட்டு ரொப்பிடம் போனேன். "உங்கட வெள்ளையைத் தாங்கோ. தோய்ச்சுத் தாறன்," என்றேன்.

"எங்கட பேரைப் போட்டுக்கொண்டு எங்களோடயே அடிபடுவாங்களோ? உமக்கென்ன விசரோ?" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "வேற ஒரு வழி இருக்கு. ஆனா அதைச் சொல்ல நான் ஆள் இல்லை. அது பெடியளின்ர நாள்."

அது என்ன நாள் என்று சொல்ல வேண்டும். அன்று அவர்களுடைய கடைசி வருசப் பெடியளின் நாள். சொந்த மைதானத்தில், சொந்த நிறத்தில், கடைசித் தடவை. தாய் தகப்பன் எல்லாரும் மகனின் நம்பர் போட்ட கறுப்பு ஜேர்சியோடு வந்து நிறைந்திருந்தார்கள். அந்தக் கறுப்பைக் கழற்றிவிட்டு, வெளியூர்க்காரர்போல் வெள்ளை போட்டுக்கொண்டு தங்கள் வீட்டிலேயே ஆடுங்கள் என்று யார் கேட்பது? அதுவும் விட்டிட்டுப் போகிற எங்களுக்காக?

4. கழற்றினார்கள்

அவர்களுடைய கப்ரின் டானியலை ரொப் கூட்டி வந்தார். மைதானத்தின் ஓரத்தில், எல்லாருக்கும் முன்னால். ரொப் விசயத்தைச் சொன்னார். டானியல் எங்களை ஒரு பார்வை பார்த்தான். எனக்கு அந்த இடத்தில் நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. கூட்டம் வேறு எங்களைப் பார்த்து "போங்கோ, போங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தது.

டானியல் நிரோஷனிடம் கேட்டான். "உனக்கும் இது கடைசி வருசமோ?"

"ஓம்," என்றான் நிரோஷன்.

டானியல் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இடுப்பை வளைத்துக் குனிந்து நிரோஷனுக்கு முன்னால் நின்றான்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு இது விளங்காது. பாட்ஸுக்கு மேல் போட்ட ஜேர்சியை ஒருவன் தானாகக் கழற்ற முடியாது. அவ்வளவு இறுக்கம். இன்னொருவன் முதுகுப் பக்கம் பிடித்துத் தலைக்கு மேலாக இழுக்க வேண்டும். அதைத் தன் ரீம்காரன்தான் செய்வான். டானியல் குனிந்தது எதிரிக்கு முன்னால்.

நிரோஷன் பிடித்து இழுத்தான். கறுப்பு ஜேர்சி கழன்று அவன் கைக்கு வந்தது.

பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கறுப்பு ரீம் முழுவதும், ஒருவர் பின்னால் ஒருவராக வந்து, எங்கள் பெடியளுக்கு முன்னால் குனிந்தது. சிலர் முறைத்துக்கொண்டுதான் குனிந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒருவன் அழுதுகொண்டு குனிந்தான். எங்கள் பெடியள் இழுத்து இழுத்து எடுத்தார்கள். எடுத்ததையெல்லாம் என் கையில் தந்தார்கள். உடம்புச் சூடு போகாத ஜேர்சிகள். கோயிலில் பரிவட்டம் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் ஏந்தி வாங்கினேன். எனக்குக் கண்ணீர் ஓடியது, துடைக்கக் கை இல்லை.

கத்திக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது. பிறகு மேலே கறுப்பு ஜேர்சியோடு இருந்த தாய்மாரில் ஒருவர் எழும்பினார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் எழும்பினார். மைதானம் முழுக்க எழும்பி நின்றது. கை தட்டவில்லை, சும்மா எழும்பி நின்றார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ கூட்டம் கண்டிருக்கிறேன். அப்படியொன்றைக் கண்டதில்லை.

ரொப் வெள்ளையை எடுத்துவந்து தன் பெடியளுக்குக் கொடுத்தார். நான் கறுப்பை ஒவ்வொன்றாக, எங்கள் ஜேர்சியை மடிக்கிற மாதிரியே மடித்து அவருடைய மேசையில் அடுக்கினேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பக்கத்தில் கோப்பி.

"சீனி கூடப் போட்டிருக்கு. நடுங்கிறீர்," என்றார்.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். கடைசிவரை இழுபறி. ஒருவனும் முறைப்பாடு சொல்லவில்லை.

முடிந்த பிறகு நிரோஷனின் தகப்பன் வேலிப் பக்கம் வந்தார். பார்க்கிங் கிடைக்காமல் சுற்றி, ஆட்டம் தொடங்கிய பிறகுதான் உள்ளே வந்தாராம். முகம் முழுக்கச் சந்தோசம்.

"தம்பி, கலக்கிப்போட்டாய்! தொண்டை அடைக்கக் கத்தினன். வெள்ளையில ஐம்பத்துநாலு, உன்னைவிட்டுக் கண்ணெடுக்கேல்லை. வெண்டிட்டம் என்ன?" பிறகுதான் மகனின் நீல ஜேர்சியைக் கண்டார். "இதென்ன, உடுப்பு மாத்திப்போட்டியோ?"

மனிசன் ஆட்டம் முழுக்க எதிரி ரீமின் ஐம்பத்துநாலுக்குக் கை தட்டியிருக்கிறார்! தோற்ற துக்கத்தில் நின்ற நிரோஷன் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது அவனுக்கு. எனக்கும்தான்.

5. போகவில்லை

பனிக்காலத்தில் முடிவு வந்தது. நாங்கள் போகவில்லை. பிளேன் செலவுதான் காரணம் என்றார்கள் சிலர். படிப்புக் கெடும் என்று பேராசிரியர்மார் சொன்னார்களாம். இருக்கலாம். ஆனால் டிரெக்டர் ஒருநாள் எங்கள் அறைக்கு வந்து, தோய்க்கப் போட்ட துவாய்க்கு மேலேயே இருந்துகொண்டு சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"செல்வி, அங்க போனா ரீவி இருக்கு, கூட்டம் இருக்கு. எங்களுக்காகக் குனிய ஆர் இருக்கினம்?"

அடுத்த வருசம் அவர்கள் எங்கள் மைதானத்துக்கு வர வேண்டிய கிழமை. எனக்கும் அதுதான் வேலையில் கடைசி வருசம். பெடியள் கூட்டமாக அறை வாசலில் வந்து நின்றார்கள். "அன்ரி, இந்தக் கிழமை எங்களுக்கு வெள்ளை தாங்கோ," என்றார்கள். ஒருவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ரொப்புக்குப் போன் எடுத்தேன்.

"சனிக்கிழமை கறுப்பைக் கொண்டு வாங்கோ."

"உங்கட கிரவுண்டில்லோ?" என்றார்.

"ஓம், எங்கட கிரவுண்ட்தான். கறுப்பைக் கொண்டு வாங்கோ."

வந்தார். கோப்பி போட்டு வைத்திருந்தேன். அவருடைய பைகளை இறக்கிவிட்டுப் பார்த்தால் கறுப்பும் இருந்தது, வெள்ளையும் இருந்தது.

"உம்மை நம்பி ஒரு நிறத்தோட வருவனோ?" என்றார் அந்த மனிசன்.

பிள்ளைகளே, இந்த வேலையில் நான் சொல்லித்தரக்கூடிய பாடம் ஒன்றுதான். வானில் ஏற்றுமுன் பையைத் திறந்து பாருங்கள், கையின் பழக்கத்தை நம்பாதீர்கள். மற்றப் பாடத்தை அந்தப் பெடியள்தான் எனக்குப் படிப்பித்தார்கள். அதைச் சொல்லித்தர எனக்குத் தெரியாது.

அன்று நிரோஷன் பார்வையாளனாக வந்திருந்தான், தகப்பனையும் கூட்டிக்கொண்டு. கறுப்பு ரீம் இறங்கியது. எங்கள் பெடியள் வெள்ளையில் இறங்கினார்கள்.

"இண்டைக்கு எங்கட ஆக்கள் எது?" என்று தகப்பன் கேட்டார்.

"வெள்ளை, அப்பா."

"அதைத்தானேயடா நான் போன வருசமும் சொன்னனான்," என்று சொல்லிவிட்டு, அந்த மனிசன் எழும்பி நின்று கத்தத் தொடங்கினார்.