சட்டக் கல்லூரி தேடிய வருஷம்

இன்று காலை நண்பரின் தங்கை வந்து, தபாலில் வந்த சட்டக் கல்லூரிக் கையேடு ஒன்றை மேசைமேல் வைத்தாள். "ஏனுங்ணா, ஏழைபாழைகளுக்கு வாதாடோணும்னா எந்தக் காலேஜுங்க நல்லது?" பிரித்தேன். அச்சு மையும் பசையும் கலந்த வாசனை. உங்களுக்குப் பிடிக்குமோ என்னவோ, நான் உடனே மூடி வைத்துவிட்டேன்.

நான் பி.ஏ. முடித்த வருஷம் எங்கள் வீடு முழுக்க இந்த வாசனைதான். கோயமுத்தூரில் அப்போது ஏது சட்டக் கல்லூரி? சென்னை, எர்ணாகுளம், பெங்களூர் மூன்றுக்கும் எழுதிக் கையேடு வரவழைத்தேன். எங்கே தொழிலாளர் சட்டம் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்று நோட்டில் கோடு போட்டு ஒப்பிட்டேன். "பருத்தி வாங்கறவன்கூட பஞ்சைப் பிச்சுப் பார்த்தமா, எடுத்தமான்னு போயிடுவானே!" என்று அப்பா கிண்டலடித்தார்.

எல்லாம் ஆறுமுகண்ணனுக்காக. எங்கள் வீட்டுக்குப் பின்னால், மில் தொழிலாளர்களின் லைன் வீடொன்றில் குடியிருந்தவர். பஞ்சு மெஷினில் வலக்கை விரல் மூன்று போய், வேலையும் போயிற்று. நஷ்டஈடு கேட்க வேண்டும்.

"கண்ணு, கோர்ட்டு வாசல்ல ஒரு வக்கீலு மனு எழுதறேங்கறாரு. குடுத்துப்போடட்டுமா?"

"அவரு முதலாளிகளோட காப்பி குடிக்கறவருங்ணா. நான் படிச்சுட்டு வாரேன். ரெண்டே வருசம். நானே நடத்தறேன்."

"அப்பறமென்னங்க, நம்மூட்டு வக்கீலு இருக்கறப்ப!" என்று சிரித்தார். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

சென்னையைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல கல்லூரிதான், நன்றாகத்தான் சொல்லித் தந்தார்கள். இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம் பேராசிரியர் அன்றைய நஷ்டஈட்டுச் சட்டத்தை வாசித்தார்: விபத்து நடந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தக்க காரணமிருந்தால் தாமதத்தை மன்னிக்கலாமாம். இனிமேல் வக்கீலாகப் போகிற ஒருவனை நம்பி உட்கார்ந்திருந்தது தக்க காரணமா?

அடுத்த ரயிலிலேயே வந்து சொன்னேன். ஆறுமுகண்ணன் தலையாட்டினார்.

"அந்த வக்கீலும் வருசக் கெடுவச் சொன்னாருங்க."

"ஏனுங்ணா எங்கிட்டச் சொல்லல?"

"படிச்சவிக நீங்க சொன்னப்பறம், அதுக்கு மேல கேட்டா மரியாதையா இருக்குமுங்களா? உடுங்க கண்ணு. காப்பி குடிக்கறீங்களா?"

அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். காப்பி வரவில்லை.

தாமத மனு ஒன்று போட்டுப் பார்த்தோம். தள்ளுபடி.

கறுப்பு அங்கியோடு நான் ஊர் திரும்பியபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எந்த ஊருன்னு தெரியுமுங்க. ஆனா, 'அந்தத் தம்பி வந்தா சொல்லிப்போடாதீங்க, மறுக்காவும் ஏதாச்சும் செஞ்சு தாரேன்னு வந்து நிப்பாரு'ன்னு அந்தம்மா சொல்லிட்டுப் போயிருக்குதுங்க."

நானும் வற்புறுத்தவில்லை. பிறகு லைன் வீடுகளை இடித்துப் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் எங்கேயோ போய்விட்டார். இப்போது கேட்கத் துணிவு வந்தாலும், அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல ஆளில்லை.