பூங்கோதை கேட்டு வாங்கிய ஸ்லைடு

செவ்வாய்க்கிழமை காலை, நாமக்கல்லில் எங்கள் கோழிநோய் ஆய்வகத்தில் செத்த கோழி ஒன்றைத் திறந்துகொண்டிருந்தபோது, ராசிபுரத்திலிருந்து போன் வந்தது. வேலைக்கு வர பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே பூங்கோதை சரிந்துவிட்டார், இதயம் நின்றுவிட்டதாம். கையுறையைக் கழற்றினேன். மறுபடி மாட்டினேன். மறுபடி கழற்றினேன்.

பதினெட்டு ஆண்டுகள் எங்கள் டெக்னீஷியன். திசுவை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, நான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஸ்லைடு செய்து தருபவர். பண்ணைக்காரர்கள் செத்த கோழியைக் கீழே வைக்கும்போதே நோயின் பெயரையும் சொல்லி, "வெள்ளக் கழிச்சல்தானுங்க, எழுதிக் குடுங்க" என்பார்கள். "உங்களுக்கே தெரியுமுன்னா இங்க எதுக்குங்க வந்தீங்க? உக்காருங்க" என்பார் பூங்கோதை.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து குணமானது. நான்காண்டு கழித்து, ஸ்கேனில் நெஞ்சுக்குள் நிணநீர்க் கணுக்கள் வீங்கித் தெரிந்தன. புற்று திரும்பிவிட்டது, கீமோ தொடங்கலாம் என்றார் சேலத்து மருத்துவர். படத்தை நானும் பார்த்தேன். கோழி ஈரலில் எத்தனையோ கட்டிகளைக் கண்டு பழகிய கண். "தள்ளிப்போடாதீங்க அக்கா" என்றேன்.

"ஏனுங்க மேடம், கோழிக்கே துண்டு எடுத்துப் பாக்காம கையெழுத்துப் போடமாட்டீங்க. நான் கோழியவிடக் கேவலமாப் போயிட்டனுங்களா?"

வேறொரு மருத்துவமனையில் திசு எடுத்தார்கள். புற்றும் இல்லை, காசநோயும் இல்லை. சார்காய்டோசிஸ் என்றது அறிக்கை. உடலின் எதிர்ப்பு அணுக்களே காரணம் தெரியாமல் திரண்டு முடிச்சிடும் நோய். அறிக்கை அவருக்குப் போதவில்லை. ஸ்லைடைக் கேட்டு வாங்கிவந்து என் மேசையில் வைத்தார்.

வட்ட வட்டமாக முடிச்சுகள். புற்றணு ஒன்றுகூட இல்லை. இரண்டாம் முறையும் பார்த்தேன். "நகருங்க" என்று அவரும் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"வெட்டு தடிமனா இருக்குதுங்க. நான் சீவியிருந்தா இன்னும் மெலிசா வந்திருக்கும்."

ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியது. "இப்பத்தான் புருசன் ஊட்டுல சோறு போடறாங்கன்னு ஊரு நம்புது" என்றார். கீமோ இல்லாமலே மூன்றாண்டுகள் வேலைக்கு வந்தார்.

துக்க வீட்டில், கேன்சர்தான் திரும்பிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் கணவர் என்னைத் தனியே அழைத்தார். "நெசமா அது திரும்பி வந்துருச்சுங்களா? எங்கிட்ட மறைச்சுட்டாளுங்களா?"

"இல்லைங்க. அவங்க எதையும் மறைக்கலை. நானே பார்த்தேன்."

சார்காய்டோசிஸ் இதயத்தையும் தொடுவதுண்டு. தொட்டதா என்று தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது. அதையும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு வெளியே போனார். பந்தலில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராக நின்று, "கேன்சர் இல்லீங்க" என்றார். நாற்காலி இறக்க வந்தவரிடமும் சொன்னார்.

போய் வாருங்கள் அக்கா. எல்லோருக்கும் சொல்லியாயிற்று.