உள்ளிருந்து திறக்காத கதவு

என் கணவர் காரை நிறுத்திவிட்டு, முன்பக்கமாகச் சுற்றி வந்து, லேசாகக் குனிந்து எனக்குக் கதவைத் திறந்துவிடுவார். இந்தக் காட்சியைப் பார்த்தவர்களில் இரண்டொருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், என் வயதுக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் காலத்துலயே உங்க வீட்டுக்காரரு உங்களுக்கு எவ்ளோ மரியாதை குடுத்தாரு! எந்த வெள்ளக்காரன் பொண்டாட்டிக்கு அப்படிக் கதவு தெறந்து விட்டான்?" என்று உருகினாள். நான் சிரித்துவைத்தேன். பந்தியில் உட்கார்ந்துகொண்டு செத்துப்போனவரைத் திட்டினால் நன்றாக இருக்காது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லது மட்டுமே பேச வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

சுதந்திரம் வந்த புதிதில் கண்டோன்மென்ட் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பியானோ, நாய், சாய்வு நாற்காலி என்று எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு மேஜர் விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் காரை என் கணவர் வாங்கினார். கரும்பச்சை நிறம். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தலைக்கு மேல் தகரக் கூரை. அவருக்கு ஒரு கம்பெனியில் பெரிய உத்தியோகம். வேலைக்குக் கம்பெனி வேனில் போய் வருவார். இந்தக் கார் ஊர் பார்ப்பதற்கு. அதைத் துடைக்க மஞ்சள் ஃபிளானல் துணி வைத்திருந்தார். அதை வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை என் மாமியார் அந்தத் துணியைப் பிடித்துச் சூடான பாத்திரத்தை இறக்கிவிட்டார் என்று, பெற்ற தாயோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

என்னைக் கல்யாணம் செய்துகொண்டதும் அதே வருஷம்தான். காரை வாங்குவதற்கு முன் அவர் என்னென்ன விசாரித்தார் என்று எனக்குத் தெரியாது. என்னை எடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எனக்கு ஓர் அக்கா இருந்தாள். பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிற ஒரு கிறிஸ்துவரைக் கட்டிக்கொண்டு ஆஸ்டின் டவுனில் ஒரு வரிசை வீட்டுக்குப் போய்விட்டவள். அந்த அக்கா இனி எனக்கு இல்லை என்பதுதான் நிபந்தனை. மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றிருந்த என் அப்பா யோசிக்காமல் தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலைவாரி, பாவாடை நாடா முடிந்து, பள்ளிக்கூடம் வரைக்கும் கூட்டிப்போய் விட்டவள் அவள். அப்படிப்பட்டவளை இல்லை என்று சொல்ல இவர்கள் யார் என்று அன்று நான் வாய்விட்டுக் கேட்டிருந்தால் கல்யாணமே நின்றிருக்கும். நின்றிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் தொம்மலூர்ப் பக்கம் ஒரு சிநேகிதர் பங்களாவில் அவருக்குச் சீட்டாட்டம். போக வேறு நல்ல சாலை இருந்தும் ஆஸ்டின் டவுன் வழியாகத்தான் காரை விடுவார். அக்காவின் வீட்டு வாசல் சாலையைப் பார்த்தபடி இருக்கும். அவளை நான் பார்க்க வேண்டும், என்னை அவள் பார்க்க வேண்டும், இருவருக்கும் நடுவில் இவர் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதில் அவருக்கு என்ன சுகமோ. ஒரு சனிக்கிழமை அந்தத் திருப்பத்தில் எருமை மந்தை குறுக்கே வந்து கார் நின்றுவிட்டது. வாசலில் நின்ற அக்கா "பாப்பா!" என்று கூப்பிட்டாள். நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். அவளுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். பேச்சு வருவதற்குள் எருமைகள் போய்விட்டன, இவர் ஹாரன் அடித்தார், ஓடி வந்து ஏறிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை கார் கிளம்பும்போதே சொன்னார்: "உன் பக்கத்துக் கதவுல உள்பக்க ஹேண்டில் கெட்டுப்போயிடுச்சு. ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு. சீமையிலேர்ந்து பார்ட் வரணும். அதுவரைக்கும் நானே வந்து திறந்துவிடறேன்." நான் நம்பினேன். சீமைக் கார், சீமை ஸ்பிரிங், கப்பலில் வர நாளாகும் என்று எனக்கு நானே சமாதானம்கூடச் சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்துதான் அந்தப் பிரசித்தி பெற்ற மரியாதை ஆரம்பமானது. எந்த வாசலில் நின்றாலும் அவர் சுற்றி வருவார், குனிவார், திறப்பார், கையை நீட்டுவார். சீட்டாட்ட வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மார்களைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டு நீயே திறந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை அப்படித் திறந்தேன். "ரயில்ல தண்ணி வாங்கறவ மாதிரி என்ன இது? டீசென்சி வேண்டாமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்புறம் செய்யவில்லை. வீட்டிலிருந்து நடந்தே அக்காவிடம் போயிருக்கலாம் என்றால், வாசற்படி தாண்டவே மாமியாரிடம் காரணம் சொல்ல வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அதே திருப்பத்தில் ஒரு மாட்டுவண்டி அச்சு முறிந்து கிடந்தது. தூறல். கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். அக்கா காரைப் பார்த்துவிட்டு, கைக்குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். நான் கைப்பிடியை இழுத்தேன். அது பிடிப்பில்லாமல் தொளதொளவென்று ஆடியது. கண்ணாடியை இறக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "லெதர் நனையும்" என்றார். அக்கா குழந்தையின் முகத்தைக் கண்ணாடிக்கு நேரே தூக்கிக் காட்டினாள். கதவு திறக்கவில்லை என்று நான் உள்ளேயிருந்து கத்தியது அவளுக்குக் கேட்டிருக்காது. அவள் பார்த்தது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காருக்குள் நனையாமல் உட்கார்ந்திருந்த தங்கையை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் கார் சத்தம் கேட்டாலே அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். ஊரே என்னைக் கர்வம் பிடித்தவள் என்று சொல்லியிருந்தாலும் எனக்குக் கவலையில்லை. அக்கா அப்படி நினைத்துவிட்டாளே என்பதுதான் சோறு இறங்கவிடாமல் செய்தது.

சீமை ஸ்பிரிங் வருமென்று இன்னும் எத்தனை மாதம் காத்திருந்திருப்பேனோ. அவர் பக்கத்துக் கதவின் கண்ணாடி ஒருநாள் உள்ளே விழுந்துவிட்டது. மெக்கானிக் ஒருவர் வீட்டுக்கே வந்து கதவின் உள்பக்கத்தைக் கழற்றிச் சரிசெய்தார். நான் காபி கொடுக்கப் போய், தூணோரமாக நின்று முழுவதையும் பார்த்தேன். கிளம்பும்போது மெக்கானிக், "அந்தப் பக்கத்து கதவையும் பாத்துடட்டுமா சார்?" என்று கேட்டார். "அதுல ஒண்ணும் இல்லப்பா. அது ஓகே" என்றார் என் கணவர். என் கையில் காலி டம்ளர் இருந்தது. ஒன்றுமில்லாத கதவுக்கு எதற்காகக் கப்பலில் ஸ்பிரிங் வருகிறது என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை. அவருக்கு அரை நாள் வேலை. மாமியார் பூஜையில் உட்கார்ந்ததும் தையல் மெஷின் இழுப்பறையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரையும் ஒரு தோசைத் திருப்பியையும் எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன். கைப்பிடிக்கு அடியில் ஒரு வளையம் இருக்கும். அதைக் கதவோடு சேர்த்து அழுத்தினால் குறுக்கே செருகிய சின்ன ஊசி தெரியும். மெக்கானிக் ஆணியால் தள்ளினார். நான் கொண்டை ஊசியால் தள்ளினேன். கைப்பிடி கையோடு வந்தது. கண்ணாடி இறக்கும் பிடியும் அப்படியே. ஓரத்து ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, தோல் போர்த்திய அட்டைக்கும் கதவுக்கும் நடுவில் தோசைத் திருப்பியை நுழைத்து நெம்பினேன். கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்து விட்டுக்கொடுத்தன. அட்டையைக் கீறினால் தொலைந்தேன் என்று முதலில் பயம் இருந்தது. நாலாவது கிளிப்புக்கு மேல் அதுவும் போய்விட்டது.

அட்டையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே பார்த்தேன். பழைய கிரீஸ் வாடை அடித்தது. கைப்பிடி இருந்த இடத்திலிருந்து பூட்டுக்கு ஒரு நீளக் கம்பி போக வேண்டும். கைப்பிடியை இழுத்தால் கம்பி இழுக்கும், பூட்டு விடும். அவ்வளவுதான் விஷயம். ஸ்பிரிங் முழுசாக, பளபளவென்று இருந்தது. எதுவுமே உடையவில்லை. கம்பியின் நுனியைப் பூட்டிலிருந்து கழற்றி, மேலே தூக்கி, கதவின் சட்டத்தோடு ஒரு துணியால் கட்டி வைத்திருந்தது. ஓடும்போது கடகடவென்று சத்தம் வரக்கூடாதல்லவா? இரட்டை முடிச்சு. மஞ்சள் ஃபிளானல்.

எனக்கு அழுகை வரவில்லை. இதற்காக இந்த மனிதர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நான் சமையலறையில் இவருக்குக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இதே இடத்தில் குந்தி உட்கார்ந்து நிதானமாக முடிச்சுப் போட்டிருக்கிறார் என்று நினைத்தபோது உடம்பு பற்றி எரிந்தது. அடித்திருந்தால்கூட நாலு பேர் நியாயம் கேட்டிருப்பார்கள். இவர் மரியாதை அல்லவா செய்தார்! முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். கம்பி நுனியைப் பூட்டின் ஓட்டையில் செருகினேன். அதைப் பிடித்துவைக்கும் கிளிப்பை அவர் எங்கோ போட்டுவிட்டிருந்தார். கொண்டை ஊசியைச் செருகி இரண்டு பக்கமும் மடக்கிவிட்டேன். கதவுத் தகரத்தின் ஓரம் புறங்கையைக் கிழித்தது. உள்ளேயிருந்து மாமியார், "தோச திருப்பி எங்கம்மா போச்சு?" என்று குரல் கொடுத்தார். "கழுவிக்கிட்டிருக்கேன் அத்தை" என்றேன். அட்டையை வைத்து உள்ளங்கையால் தட்டிப் பொருத்தி, பிடிகளை மாட்டி, உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு இழுத்தேன். திறந்தது. மறுபடி சாத்தி மறுபடி திறந்தேன். மஞ்சள் துணியை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்டின் டவுன் திருப்பத்தில் எருமையும் இல்லை, வண்டியும் இல்லை. வழக்கம்போல் வேகத்தைக் குறைத்தார். நான் கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்தேன். உடனே பிரேக் போட்டார். என்னைக் காப்பாற்றுவதற்காக என்று நினைக்க வேண்டாம். திறந்த கதவு விளக்குக் கம்பத்தில் இடித்துவிடும் போலிருந்தது. "ஆர் யூ மேட்?" என்றார். நான் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு நடந்தேன். வாசல் வாசலாக எனக்காகக் காரைச் சுற்றி வந்தவர் அன்று காரைவிட்டு இறங்கவே இல்லை.

அதன் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கைப்பிடி எப்படிச் சரியானது என்று அவர் கடைசிவரை என்னைக் கேட்கவில்லை. கேட்டால், என்ன கெட்டிருந்தது என்று அவர் சொல்ல வேண்டியிருக்கும். மறுபடி கழற்றவும் முடியாது. யார் கழற்றினார் என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. காரை விற்றுவிட்டு நாலு கதவு வைத்த ஒன்றை வாங்கினார். இன்னும் பல வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், பிள்ளைகளும் பிறந்தார்கள், அவர் நோயில் படுத்தபோது பார்த்துக்கொள்ளவும் செய்தேன். மன்னித்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது பேரன் காரில் ஏறினால் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்கின்றன. "சேஃப்டி, பாட்டி" என்கிறான் அவன். முதலில் அதை எடுத்துவிடு, அப்புறம் வண்டியை எடு என்று சொல்லிவிடுவேன். கிழவிக்குப் பிடிவாதம் என்று சிரிக்கிறான், சிரித்துக்கொள்ளட்டும்.

அன்று காரிலிருந்து இறங்கி நேரே போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். கார் சத்தம் கேட்டதுமே சாத்தியிருந்தாள். வெகுநேரம் கழித்துத் திறந்தாள். வழிவிடாமல் நிலைப்படியிலேயே நின்றாள். "என்ன, இன்னிக்கு மழ இல்லன்னு எறங்கினியா?" என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கைப்பிடி வேலை செய்யவில்லை, உள்ளேயிருந்து திறக்காது, அவர்தான் கழற்றிவிட்டிருந்தார் என்றேன். அவள் உதட்டைச் சுழித்தாள். "அவ்ளோ பெரிய காரு. உள்ளேர்ந்து தெறக்க ஒரு வழி இல்லியாம். யாருகிட்ட சொல்றே பாப்பா?" கைகளை அவள் முன்னால் நீட்டினேன். அரப்புத் தூள், சோப்பு, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தும் நகக்கண்களில் கிரீஸ் கறுப்பாக அப்பியிருந்தது. புறங்கைக் கீறல் இன்னும் காயவில்லை.

அக்கா என் விரல்களைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிறகு என்னை உள்ளே இழுத்து, குழந்தை தூங்கிய பாயின் ஓரத்தில் உட்காரவைத்து, ஒரு பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு வந்தாள். சின்ன வயதில் மருதாணி வைத்துவிடுவது போல என் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நகமாகத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் கண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது, துடைப்பதை நிறுத்தவில்லை. வெளியே ஹாரன் விட்டுவிட்டு அடித்தது, பிறகு விடாமல் அடித்தது. குழந்தை புரண்டு படுத்தது.

"கூப்பிடறாரு, பாப்பா."

"கூப்பிடட்டும்" என்றேன். அக்கா அடுத்த விரலைப் பிடித்தாள்.